ரிஸ்க்-ஃபைவில் மட்டும் சிவக்கும் டீபக் சோதனைகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எல்எல்விஎம் கம்பைலரின் மூலத்தில், டெஸ்ட் கோப்புறைக்குள், பிழைநீக்கத் தகவல் சரியாக உமிழப்படுகிறதா என்று பார்க்கும் சோதனைகளுக்கு டீபக்இன்ஃபோ என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதற்குள் எக்ஸ்86, மிப்ஸ், பவர்பிசி, சிஸ்டம்இசட், ரிஸ்க்-ஃபைவ் என்று செயலிக்கு ஓர் உட்கோப்புறை. எல்லாச் செயலிக்கும் பொதுவானவை ஜெனரிக் என்ற கோப்புறையில் கிடக்கும். பெயர்தான் ஜெனரிக். பல சோதனைகளை எழுதியவர்கள் எக்ஸ்86 கணினி முன்னால் உட்கார்ந்து எழுதினார்கள், அங்கே பச்சை காட்டியது, சேர்த்துவிட்டார்கள். வேறு செயலியை இயல்பு இலக்காக வைத்துக் கட்டும்போதுதான் எது உண்மையிலேயே பொது, எது எக்ஸ்86இன் பழக்கத்தைப் பொது விதி என்று நம்பிக்கொண்டிருந்தது என்பது தெரியவரும்.

ரிஸ்க்-ஃபைவ் இதற்கு நல்ல உரைகல். அதன் பின்முனை, அதாவது அந்தச் செயலிக்குக் குறியீடு உமிழும் கம்பைலர் பகுதி, 2019இல் எல்எல்விஎம் 9இல்தான் சோதனை நிலையிலிருந்து அதிகாரபூர்வ நிலைக்கு வந்தது. டீபக் சோதனைகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே எழுதப்பட்டவை. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் இதே ஆணைத்தொகுப்பில்தான் ஓடுகின்றன. அதில் சி நிரலை ஜிடிபி என்ற பிழைநீக்கியில் வரிவரியாக நகர்த்திப் பார்ப்பவர் நம்பியிருப்பது இந்தச் சோதனைகள் காக்கும் டுவார்ஃப் தகவலைத்தான்: எந்த மாறி எங்கே இருக்கிறது, எந்த ஆணை எந்த வரிக்கு உரியது என்று கம்பைலர் எழுதிவைக்கும் குறிப்பு.

கீழே கட்டளைகளையும் பெயர்களையும் ஒலித்தபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டுவார்ஃப் பெயர்களின் முன்னால் வரும் டிடபிள்யூ வகையறா முன்னொட்டுகளை வாசிப்பு வசதிக்காக விட்டுவிட்டேன்.

முதலில்: உங்கள் கணினியில் வரவழையுங்கள்

"என் கணினியில் பாஸ், கட்டும் சர்வரில் ஃபெயில்" என்பதுதான் வழக்கமான புகார். ரிஸ்க்-ஃபைவ் பலகை வாங்க ஓட வேண்டாம். சீமேக் ஓட்டும்போது கட்டவேண்டிய இலக்குகளில் ரிஸ்க்-ஃபைவைச் சேருங்கள். அதோடு எல்எல்விஎம்_டிஃபால்ட்_டார்கெட்_ட்ரிப்பிள் மாறிக்கு ரிஸ்க்வி64-அன்னோன்-லினக்ஸ்-க்னு என்று மதிப்புக் கொடுங்கள். அவ்வளவுதான். கம்பைலர் உங்கள் எக்ஸ்86 கணினியிலேயே ஓடும், ஆனால் இலக்கு சொல்லாத ஒவ்வொரு சோதனையும் ரிஸ்க்-ஃபைவுக்குக் குறியீடு உமிழும். நிரலை உண்மையில் ஓட்டிப் பார்க்கும் சோதனைகள் மட்டும் இதில் சரிப்படாது. டீபக் சோதனைகளில் பெரும்பாலானவை உமிழ்ந்ததை வாசிப்பதோடு நின்றுவிடுவதால் கவலையில்லை.

அப்புறம் சோதனைகளை ஓட்டும் எல்எல்விஎம்-லிட் கருவியை விளக்கமாகப் பேசும் கொடியோடு அந்த ஒரு கோப்பின் மேல் மட்டும் ஓட்டுங்கள். வெளியீட்டைச் சோதனையின் எதிர்பார்ப்போடு ஒப்பிடும் ஃபைல்செக், எந்த வரியைத் தேடிக் கிடைக்காமல் நின்றது, எந்த வரி நீங்கள் நினைத்ததாக இருக்கலாம் என்று இரண்டையும் காட்டும். அந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிச்சமெல்லாம் அந்த வித்தியாசம் எந்த மாதிரியானது என்பதைப் பொறுத்தது.

அறிகுறி: எண் மட்டும் வேறு

சோதனை எதிர்பார்த்தது எஃப்பிரெக் -4, அதாவது மாறி ஃபிரேம் அடித்தளத்திலிருந்து 4 பைட் கீழே. வந்தது எஃப்பிரெக் -20. பார்த்ததும் "கம்பைலர் தப்பு" என்று தோன்றும். கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

ஒரே ஒரு இன்ட் மாறி உள்ள சின்ன ஃபங்ஷன், மேம்படுத்தல் இல்லாமல், ஃபிரேம் பாயிண்டரோடு. எக்ஸ்86-64இல் திரும்பும் முகவரியும் ஃபிரேம் பாயிண்டராகிய ஆர்பிபியின் பழைய மதிப்பும் ஸ்டாக்கில் ஏறிய பிறகுதான் புது ஆர்பிபி நிற்கிறது. அவை இரண்டும் அதற்கு மேலே. எனவே முதல் மாறி நேரே கீழே, -4இல். ரிஸ்க்-ஃபைவ் 64-பிட்டில் ஃபிரேம் பாயிண்டராகிய எஸ்0 நிற்பதே ஃபிரேமின் உச்சியில், அதாவது ஃபங்ஷனுக்குள் நுழைந்தபோது ஸ்டாக் பாயிண்டர் இருந்த இடத்தில். திரும்பும் முகவரி -8இல், பழைய எஸ்0 -16இல், அதற்கும் கீழே இன்ட்: -20. 32-பிட் ரிஸ்க்-ஃபைவில் இதே கணக்கு -4, -8, பிறகு -12. மூன்றும் சரி.

பைட்டாக இறக்கிப் பார்த்தாலும் இதுதான். பதினாறடிமானத்தில் எக்ஸ்86க்கு 91 7சி, ரிஸ்க்-ஃபைவுக்கு 91 6சி. 91 என்பது எஃப்பிரெக், அடுத்த பைட் ஆஃப்செட்.

ரிஜிஸ்டர் எண்ணும் இப்படியே. ஃபிரேம் அடித்தளம் எக்ஸ்86-64இல் ரெக்6, ரிஸ்க்-ஃபைவில் ரெக்8. முதல் அளபுரு அங்கே ரெக்5, அதாவது ஆர்டிஐ. இங்கே ரெக்10, அதாவது ஏ0. திரும்பும் முகவரிக்கான எண் அங்கே 16, இங்கே 1. இதெல்லாம் அந்தந்தச் செயலியின் ஏபிஐ (ரிஜிஸ்டர்களையும் ஸ்டாக்கையும் எப்படிப் பயன்படுத்துவது என்ற ஒப்பந்தம்) ஆவணம் வகுத்தது, எண்வரிசையில் எந்த ஒழுங்கையும் எதிர்பார்க்காதீர்கள். ஐபிஎம்மின் எஸ்390இல் மிதவைப்புள்ளி ரிஜிஸ்டர்கள் எஃப்0, எஃப்2, எஃப்4, எஃப்6 ஆகியவைதான் 16 முதல் 19 வரை. எஃப்1 வருவது 20இல். அதை முதல் தடவை பார்த்தபோது நானும் அட்டவணையில் எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தேன்.

தீர்வு, சோதனை எதைக் காக்க எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தது. அந்தக் கோப்பு எந்தக் கமிட்டில் வந்தது என்று கிட் வரலாற்றில் பாருங்கள். அங்கே பெரும்பாலும் காரணம் இருக்கும். "மாறிக்கு ஸ்டாக்கில் ஓர் இருப்பிடம் கிடைக்கிறதா" என்பதே கேள்வி என்றால், எஃப்பிரெக் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணுக்கு மட்டும் ரெகெக்ஸ் (எந்த எண்ணும் பொருந்தும் வடிவம்) போடுங்கள். "இரண்டு மாறிகளும் ஒரே இடத்தைப் பகிர்கின்றனவா" என்பது கேள்வி என்றால், முதல் எண்ணை ஃபைல்செக் மாறியில் பிடித்து, இரண்டாவது இடத்தில் அதே மாறியைக் கேளுங்கள். -4 என்பதே கேள்வி என்றால் அந்தச் சோதனை ஜெனரிக் கோப்புறையில் இருக்க வேண்டியதே இல்லை. எக்ஸ்86 கோப்புறைக்கு நகர்த்தி, ரன் வரியில், அதாவது சோதனையை ஓட்டும் கட்டளையில், இலக்கை வெளிப்படையாக எழுதுங்கள்.

இங்கே பலர் செய்வது: கோப்பை ஜெனரிக்கிலேயே விட்டுவிட்டு ரன் வரியில் மட்டும் எக்ஸ்86 இலக்கைச் சேர்ப்பது. எக்ஸ்86 பின்முனையே இல்லாமல் கட்டுபவர் கணினியில் அது உடனே உடையும். செயலிக் கோப்புறைகளில் உள்ள லிட்.லோக்கல் கட்டமைப்புக் கோப்பு, அந்தப் பின்முனை கட்டப்படவில்லை என்றால் மொத்தக் கோப்புறையையும் தாண்டிவிடும். ஜெனரிக்கில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அறிகுறி: திருத்தினேன், பாஸ் ஆனது, ஆனால் சந்தேகமாக இருக்கிறது

இது என் சொந்தக் கதை. ஒரு சோதனையில் இருப்பிட வரி பொருந்தவில்லை. அவசரத்தில் அடைப்புக்குள் இருந்ததை அழித்துவிட்டு, "எதுவும் வரலாம்" என்ற புள்ளி-நட்சத்திர ரெகெக்ஸைப் போட்டேன். பச்சை. அனுப்பியும் விட்டேன். சில வாரம் கழித்து வேறு வேலையாக அதே வெளியீட்டைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: அந்த மாறிக்கு இருப்பிடமே இல்லை.

பிறகு எப்படிப் பாஸ் ஆனது? டுவார்ஃப் தகவலை வாசிக்கும் உரையாகக் காட்டும் டுவார்ஃப்டம்ப்பின் வெளியீட்டில் ஒரு மாறிக்கு முதலில் லொகேஷன் வரி, அடுத்து நேம் வரி. சோதனையில் இரண்டும் சாதாரண செக். சாதாரண செக் நடுவில் எத்தனை வரியையும் தாண்டும். என் ரெகெக்ஸ் முந்தைய மாறியின் லொகேஷன் வரியைப் பிடித்துக்கொண்டது, நேம் வரி நான்கு வரி தள்ளி இந்த மாறியில் பொருந்தியது. ரெகெக்ஸைத் தளர்த்தும் எவரும் அதே கையோடு அடுத்த வரியை, நேர் அடுத்த வரியில் மட்டும் பொருந்தும் செக்-நெக்ஸ்ட் ஆக இறுக்க வேண்டும். அன்றிலிருந்து இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். திருத்திய பிறகு, உள்ளீட்டு ஐஆரில் (கம்பைலரின் இடைநிலை வடிவம்) அந்த மாறியின் இருப்பிடம் சொல்லும் டிபிஜி_டிக்ளேர் வரியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு ஒரு தடவை ஓட்டுவேன். சிவக்காத சோதனை எதையும் சோதிக்கவில்லை.

அறிகுறி: எண் இருக்க வேண்டிய இடத்தில் சுழி

ரிஸ்க்-ஃபைவின் தனிக்குணம் வெளிப்படும் இடம் இது. நேரம் அதிகம் தின்பதும் இதுதான்.

ஹை_பிசி என்ற பண்பு ஒரு ஃபங்ஷனின் நீளத்தைச் சொல்கிறது: முடிவு லேபிளிலிருந்து தொடக்க லேபிளைக் கழித்தால் வருவது. எக்ஸ்86இல் அசெம்பிளருக்கு இரண்டு லேபிளும் தெரியும், கழித்து எண்ணை எழுதிவிடும். ரிஸ்க்-ஃபைவில் அசெம்பிளர் அந்த எண்ணை நம்பக் கூடாது, ஏனென்றால் ஆப்ஜெக்ட் கோப்புகளை இணைக்கும் லிங்கர் பிறகு வந்து குறியீட்டைச் சுருக்கும். தூரத்து ஃபங்ஷனை அழைக்க ஏயுஐபிசி, ஜால்ஆர் என்று இரண்டு ஆணைகள், மொத்தம் 8 பைட். லிங்கர் பார்க்கிறது: இலக்கு பக்கத்தில்தானே இருக்கிறது, ஜால் என்ற ஒரே ஆணை, 4 பைட் போதும். நான்கு பைட் காணாமல் போகிறது, அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் மேலே நகர்கிறது. லிங்கர் ரிலாக்ஸேஷன் என்பது இதுதான்.

எனவே அசெம்பிளர் கழித்தலைத் தானே செய்யாமல் லிங்கரிடம் ஒப்படைக்கிறது. ஆப்ஜெக்ட் கோப்பில் அந்த இடத்தில் வெறும் சுழிகள். அதே ஆஃப்செட்டில் ஜோடியாக இரண்டு ரீலொகேஷன், அதாவது லிங்கர் நிரப்பவேண்டிய குறிப்புகள்: ஆட்32 முடிவு லேபிளைக் கூட்டும், சப்32 தொடக்க லேபிளைக் கழிக்கும். ரீட்ஆப்ஜ் கருவியை ரீலொகேஷன் கொடியோடு ஓட்டினால் இந்த ஜோடிகள் வரிசையாகத் தெரியும். இவற்றைத் தாங்கிக்கொள்ளத் தற்காலிக லேபிள்களும் சிம்பல் அட்டவணைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சிம்பல் எண்ணிக்கையை எதிர்பார்க்கும் சோதனையும் சேர்ந்து உடையும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. ஒரே ஐஆர் கோப்பை, ஐஆரைச் செயலிக் குறியீடாக்கும் எல்எல்சி வழியாக விட்டால் பாஸ், முழுக் கம்பைலராகிய கிளாங் வழியாக விட்டால் ஃபெயில் என்று வரும். கிளாங் ஓட்டுநர் ரிஸ்க்-ஃபைவுக்கு ரிலாக்ஸ் அம்சத்தை இயல்பாகவே இயக்குகிறது. எல்எல்சி, நீங்கள் கூட்டல் குறியோடு ரிலாக்ஸ் என்று கேட்டால் ஒழிய இயக்காது. கிளாங்கின் உள்முகமான சிசி1ஐ நேரடியாகக் கூப்பிட்டாலும் இயங்காது. இது தெரியாமல் இரண்டு வெளியீட்டையும் ஒப்பிட்டு ஒரு மாலையைத் தொலைக்கலாம்.

இந்த அறிகுறிக்குச் செய்யவேண்டியது: உங்கள் சோதனை ரிலாக்ஸேஷனைப் பற்றியதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிளாங்குக்கு எம்-நோ-ரிலாக்ஸ் கொடியைக் கொடுத்து அணைத்துவிடுங்கள். எக்ஸ்86 போலவே எண் நேரடியாக வந்துவிடும். அது பற்றியதுதான் என்றால் இரண்டு ரன் வரி எழுதுங்கள், அணைத்து ஒன்று, இயக்கி ஒன்று. இரண்டாவதில் ரீலொகேஷன் ஜோடிகளையே செக் செய்யுங்கள். ஹெக்ஸ் டம்ப் வழியாகப் பைட்டுகளை ஒப்பிடும் சோதனைகளை இந்த வாய்ப்பிலேயே டுவார்ஃப்டம்ப்புக்கு மாற்றிவிடுவது நல்லது. அந்தக் கருவி இந்த ரீலொகேஷன்களைத் தானே கணக்குப் போட்டு, வாசிக்கத் தகுந்த எண்ணாகக் காட்டும்.

அறிகுறி: வரி அட்டவணையில் வேறு ஆப்கோடுகள்

மேலே சொன்னதன் தம்பிதான் இது. எக்ஸ்86இல் வரி அட்டவணை (எந்த முகவரி எந்த மூல வரிக்கு உரியது என்ற பட்டியல்) சிறப்பு ஆப்கோடுகளால் நிறைந்திருக்கும். ஒரே பைட்டில் முகவரியும் வரி எண்ணும் சேர்ந்து நகரும். ரிலாக்ஸ் இயங்கும் ரிஸ்க்-ஃபைவில் முகவரி எவ்வளவு நகரும் என்பது லிங்கருக்குத்தான் தெரியும், ஒரு பைட்டுக்குள் அமுக்கிய எண்ணை லிங்கரால் திருத்த முடியாது. எனவே வரியைத் தனியாக நகர்த்தி, ஃபிக்ஸ்ட்_அட்வான்ஸ்_பிசி என்ற ஆப்கோடோடு இரண்டு பைட் இடம் விட்டு, அதில் ரீலொகேஷன் ஜோடியைப் போட்டு, கடைசியில் காப்பி. தூரம் 60000 பைட்டைத் தாண்டினால் எல்எல்விஎம் முழு முகவரியையே புதிதாக எழுதிவிடும். இரண்டு பைட்டில் 65535 வரை அடங்கும் என்றாலும் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் முன்பே நிறுத்திக்கொள்கிறார்கள்.

சோதனை ஆப்கோடுகளை ஒப்பிட்டால் அதை விட்டுவிட்டு, அட்டவணையை விரித்தால் கிடைக்கும் வரிசைகளை ஒப்பிடச் சொல்லுங்கள்: வரி எண், நெடுவரிசை, ப்ரோலாக்_எண்ட் போன்ற கொடிகள். முகவரி நெடுவரிசைக்குப் பதினாறடிமான ரெகெக்ஸ் போதும்.

அறிகுறி: இணைக்கும்போது 60, 61 என்று தெரியாத ரீலொகேஷன்

டுவார்ஃப் 5இன் இருப்பிடப் பட்டியல்கள் ஆஃப்செட்டுகளை யுலெப்128 என்ற மாறுநீள வடிவில் எழுதுகின்றன. ரிலாக்ஸ் இயங்கும்போது இந்த வித்தியாசமும் அசெம்பிளருக்குத் தெரியாது. இதற்கென்றே செட்_யுலெப்128, சப்_யுலெப்128 என்று ஒரு ஜோடியைப் பின்னாளில் ஏபிஐயில் சேர்த்தார்கள். எண்கள் 60, 61. கம்பைலர் புதிது, லிங்கர் பழையது என்றால் இந்தச் செய்தி வரும். சோதனையில் கை வைக்காதீர்கள், லிங்கரைப் புதுப்பியுங்கள். அதற்கு வழியில்லை என்றால் டுவார்ஃப் 4 கேட்டு ஓட்டலாம்.

பிரித்த டுவார்ஃப் (தகவலைத் தனி டுவோ கோப்பில் வைப்பது) கேட்டால் ரிலாக்ஸோடு சேராது என்று கிளாங்கே மறுத்தால் அதற்கும் காரணம் உண்டு: டுவோ கோப்பை லிங்கர் தொடுவதில்லை, அதில் ரீலொகேஷனை வைத்தால் தீர்க்க ஆளில்லை. அந்தச் சோதனைக்கு ரிலாக்ஸை அணைப்பதுதான் வழி.

அறிகுறி: அசெம்பிளி உரையில் சொல் வேறு

நான்கு பைட் தரவுக்கு எல்எல்விஎம் எக்ஸ்86இல் .லாங் என்று எழுதும், ரிஸ்க்-ஃபைவில் .வேர்ட், மிப்ஸில் .4பைட். கருத்துக் குறியும் மாறும்: எக்ஸ்86, ரிஸ்க்-ஃபைவ் இரண்டிலும் ஹாஷ், 32-பிட் ஆர்மில் @, 64-பிட் ஆர்மில் இரட்டைச் சாய்கோடு, ஸ்பார்க்கில் ஆச்சரியக்குறி. ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரின் சோதனைகளில் இந்தத் தொல்லை அதிகம். அங்கே டிஏ கொடியைக் கொடுத்துக் கருத்துகளோடு அசெம்பிளியை உமிழவைத்து, ஸ்கேன்-அசெம்பிளர் வரியில் ரெகெக்ஸால் தேடுவதுதான் வழக்கம். ஜிசிசியில் கருத்துக் குறியை ரெகெக்ஸில் எழுதாமல், பண்பின் பெயருக்கு முன்னால் "வரி முறியாத எதுவும்" என்று விடுங்கள். எல்எல்விஎம்மில் அசெம்பிளியையே விட்டுவிட்டு ஆப்ஜெக்ட் உமிழ்ந்து டுவார்ஃப்டம்ப் செய்யுங்கள். என்விடியா ஜிபியுவுக்கான என்விபிடிஎக்ஸ் போல ஆப்ஜெக்ட் உமிழாத இலக்குகளும் உண்டு, எனவே ரிக்கொயர்ஸ் வரியில் ஆப்ஜெக்ட்-எமிஷன் கேட்க மறக்காதீர்கள்.

அறிகுறி: மேம்படுத்தினால் மாறியே காணோம்

இதில்தான் உண்மையான பிழைகள் ஒளிந்திருக்கும், நிதானமாகப் பாருங்கள்.

ஒப்புக்கொள்ளத்தக்க காரணங்கள் சில உண்டு. மாறி எந்த ஆணையின் விளைவு என்று ஆணையையே சுட்டிப் பின்தொடரும் புதிய முறை எக்ஸ்86-64இல்தான் முதலில் இயல்பாக இயக்கப்பட்டது. அந்த டிபிஜி_இன்ஸ்டர்_ரெஃப் வரிகளை எதிர்பார்க்கும் எம்ஐஆர் (செயலி ஆணை அளவிலான இடைநிலை வடிவம்) சோதனையில், பழைய முறையில் போகும் இலக்குக்கு டிபிஜி_வேல்யூ வரும். ஃபங்ஷனுக்குள் நுழைந்தபோது இருந்த மதிப்பைச் சுட்டும் என்ட்ரி_வேல்யூ என்பதும் அப்படியே. பின்முனை அதை ஆதரிப்பதாக அறிவித்திருந்தால்தான் உமிழப்படும்.

இவை இரண்டும் இல்லை என்றால் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. வேறு செயலியைப் போல நடிக்கும் க்யூஈஎம்யுவின் பயனர் நிலைக் கருவியை ஜி கொடியும் ஒரு போர்ட் எண்ணும் கொடுத்து ஓட்டினால் அது ஜிடிபிக்காகக் காத்திருக்கும். பல செயலி அறிந்த ஜிடிபியை அதில் இணைத்து, மாறியை அச்சிடுங்கள். "மேம்படுத்தலில் போய்விட்டது" என்று வந்தால் தகவல் இழப்பு, பொறுத்துக்கொள்ளலாம். தவறான மதிப்பு வந்தால் கம்பைலர் பொய் சொல்கிறது, சோதனையைத் தொடாமல் பின்முனையைத் திருத்துங்கள். எத்தனை மாறிகள் இப்படி விழுகின்றன என்று அறிய டுவார்ஃப்டம்ப்பின் புள்ளிவிவரக் கொடியை இரண்டு இலக்கிலும் ஓட்டி ஒப்பிடலாம்.

எக்ஸ்ஃபெயிலா, அன்சப்போர்ட்டடா?

கை ஓய்ந்தபோது எல்லோரும் நாடுவது இந்த இரண்டில் ஒன்றை. எக்ஸ்ஃபெயில் என்றால் "இங்கே பிழை இருக்கிறது, தெரியும், ஒருநாள் சரியாகும்". சரியான அன்று லிட் எதிர்பாராத பாஸ் என்று கத்தும், யாராவது வந்து வரியை எடுப்பார்கள். அன்சப்போர்ட்டட் என்றால் "இந்தக் கேள்விக்கே இந்தச் செயலியில் பொருளில்லை". அது யாரையும் எழுப்பாது. ரிலாக்ஸோடு பிரித்த டுவார்ஃப் சேராததற்கு அன்சப்போர்ட்டட் சரி. மாறி தொலைவதற்கு எக்ஸ்ஃபெயில்தான், பிழைப் பதிவின் எண்ணோடு. சில நாள் பாஸ், சில நாள் ஃபெயில் என்று ஆடும் சோதனைக்கு எக்ஸ்ஃபெயில் போட்டால் இரண்டு பக்கமும் அடி விழும். முதலில் அது ஏன் ஆடுகிறது என்று பாருங்கள்.

அனுப்புவதற்கு முன் ரிஸ்க்-ஃபைவ் 64, 32 இரண்டிலும், எக்ஸ்86-64இலும், பெரும்பைட் முதலில் வரும் எஸ்390இலும் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். கடைசியது ஏன் என்றால் பிட் புலங்கள். பழைய பிட்_ஆஃப்செட் பண்பு மேல்பிட்டிலிருந்து எண்ணுவதால் பைட் வரிசை மாறினால் எண்ணும் மாறும். டுவார்ஃப் 4இல் வந்த டேட்டா_பிட்_ஆஃப்செட் வேறு மாதிரி எண்ணுகிறது. ரிஸ்க்-ஃபைவுக்காக நீங்கள் அழித்த ஓர் எண், அங்கே இன்னொருவருக்கு அவசியமாக இருந்திருக்கலாம்.